உலகளாவிய வழங்கல் சங்கிலி மேலாண்மை (இளநிலைப் பட்டப்படிப்பு)

உலகளாவிய வழங்கல் சங்கிலி மேலாண்மை என்பது, மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து நுகர்வோரின் கைக்கு வந்து சேரும் வரை ஒரு பொருள் பல நாடுகளைக் கடந்து செல்லும் வழியைத் திட்டமிட்டு, இயக்கி, கட்டுப்படுத்துவது பற்றிய வணிகவியல் துறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல வணிகக் கல்லூரிகளில் இது நான்காண்டு இளநிலைப் பட்டத்தின் முதன்மைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறைக்காக நன்கு அறியப்பட்டவை.

வழங்கல் சங்கிலியில் மூன்று ஓட்டங்கள் உள்ளன. சரக்கு பெரும்பாலும் உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோரை நோக்கிச் செல்கிறது. பணம் அதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. தகவல் இரு திசைகளிலும் செல்கிறது. இம்மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் மற்ற இரண்டும் பாதிக்கப்படும் என்பதே இப்படிப்பின் அடிப்படைக் கருத்தாகும்.

வரலாறு

இத்துறையின் பெயர் புதியது, உள்ளடக்கம் பழையது. எவ்வளவு சரக்கை ஒரே முறையில் வாங்குவது சிக்கனமானது என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வெளியிட்டார். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்பவரின் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கொள்கலன்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் முறை இதன் பின்னர் படிப்படியாக மறைந்தது. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தின் செலவு பெருமளவு குறைந்ததால், தொலைதூர நாடுகளில் பொருட்களைச் செய்து வாங்குவது இலாபகரமானதாயிற்று.

1961இல் எட்வர்டு ஸ்மைக்கே, டொனால்டு பவர்சாக்ஸ், ஃபிராங்க் மாஸ்மன் ஆகியோர் சரக்கு விநியோக மேலாண்மை பற்றிய தொடக்ககாலப் பாடநூல் ஒன்றை வெளியிட்டனர். இவர்களுள் பவர்சாக்ஸ் பின்னர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். "வழங்கல் சங்கிலி மேலாண்மை" என்ற தொடரைப் பொதுவெளியில் முதலில் பயன்படுத்தியவராகக் கீத் ஆலிவர் என்ற மேலாண்மை ஆலோசகர் குறிப்பிடப்படுகிறார். 1982இல் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் அவர் இதனைப் பயன்படுத்தினார். இத்துறையினரின் அமைப்பு ஒன்றின் பெயர் மாற்றங்களும் இந்த வளர்ச்சியைக் காட்டுகின்றன. 1963இல் சரக்கு விநியோகத்தின் பெயரில் தொடங்கப்பட்ட அவ்வமைப்பு, 1985இல் ஏற்பாட்டியலின் (லாஜிஸ்டிக்ஸ்) பெயரையும், 2005இல் வழங்கல் சங்கிலியின் பெயரையும் ஏற்றுக்கொண்டது.

பாடத்திட்டம்

முதல் இரண்டு ஆண்டுகளில் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம் போன்ற பொதுவான வணிகப் பாடங்கள் அமையும். பின்னைய இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் பின்வருவன கற்பிக்கப்படுகின்றன:

* கொள்முதல்: வழங்குநரைத் தேர்ந்தெடுத்தல், விலை பேசுதல், ஒப்பந்தம் எழுதுதல்.
* உற்பத்தி மேலாண்மை: கொள்திறன் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, தேவையை முன்கணித்தல்.
* ஏற்பாட்டியல்: போக்குவரத்து, கிடங்கு, சுங்க நடைமுறைகள்.
* தரவுப் பகுப்பாய்வு: விரிதாள், தரவுத்தளம், நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருட்கள்.
* பன்னாட்டு வணிக விதிகள்: பன்னாட்டு வணிகக் கழகம் 1936இல் முதன்முதலாக வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகள். இதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன.

இன்கோடெர்ம்ஸ் விதிகளில் மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. எஃப்.ஓ.பி. விதியின்படி கப்பல் கட்டணத்தை வாங்குபவர் செலுத்துகிறார், சி.ஐ.எஃப். விதியின்படி சேருமிடத் துறைமுகம் வரையான கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவர் செலுத்துகிறார். ஆனால் இரண்டிலுமே, புறப்படும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டவுடன் இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. செலவைச் சுமப்பவரும் இடரைச் சுமப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

ஹாரிசின் சூத்திரம் இன்றும் தொடக்க வகுப்புகளில் இடம்பெறுகிறது. ஓர் ஆண்டுத் தேவையை ஒரு கொள்முதல் ஆணைக்கான செலவால் பெருக்கி, அதனை இரட்டித்து, ஒரு பொருளை ஓராண்டு இருப்பில் வைக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் சிக்கனமான கொள்முதல் அளவு கிடைக்கும்.

ஒரு கடைக்கு ஆண்டுக்கு 12,000 பொருட்கள் தேவை, ஓர் ஆணைக்கு 500 ரூபாய் செலவு, ஒரு பொருளை ஓராண்டு இருப்பில் வைக்க 3 ரூபாய் செலவு எனக் கொள்வோம். அப்போது விடை 2,000. அதாவது ஆண்டுக்கு ஆறு முறை வாங்க வேண்டும். ஆணைச் செலவு 3,000 ரூபாய். சராசரி இருப்பு 1,000 என்பதால் இருப்புச் செலவும் 3,000 ரூபாய். மொத்தம் 6,000 ரூபாய். மாதந்தோறும் 1,000 வாங்கினால் மொத்தச் செலவு 7,500 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு ஒரே முறை வாங்கினால் 18,500 ரூபாய் ஆகும்.

இக்கணக்கு, தேவை ஆண்டு முழுவதும் சீராக இருக்கும் என்றும் சரக்கு குறித்த நாளில் வந்து சேரும் என்றும் கருதிக்கொள்கிறது. உலகளாவிய சங்கிலியில் இவ்விரண்டும் எப்போதும் உண்மையாவதில்லை. ஆகவே மேல்வகுப்புகளில் காப்பு இருப்பு, காத்திருப்புக் காலத்தின் ஏற்ற இறக்கம் ஆகியவை சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன.

பீர் விளையாட்டு

இப்படிப்பில் மிகவும் பெயர் பெற்ற வகுப்பறைப் பயிற்சி பீர் விளையாட்டு ஆகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் ஆய்வுகளை ஒட்டி 1960 அளவில் இது உருவாக்கப்பட்டது. சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகத்தர், ஆலை என நான்கு பொறுப்புகளை மாணவர்கள் ஏற்கின்றனர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆணைச் சீட்டை மட்டுமே அனுப்பலாம். சரக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும்.

நுகர்வோரின் தேவை முதலில் வாரத்திற்கு 4 பெட்டிகளாக இருந்து, ஐந்தாம் வாரத்தில் 8 ஆக உயர்ந்து அப்படியே நிற்கிறது. மாற்றம் இவ்வளவே. ஆயினும் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி ஒவ்வொருவரும் சற்றுக் கூடுதலாகக் கேட்பதால், ஆலைக்குப் போய்ச் சேரும் ஆணைகள் பல மடங்கு பெருகுகின்றன. பின்னர் சரக்கு குவிந்து, ஆணைகள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. இது சாட்டையடி விளைவு எனப்படுகிறது. 1997இல் ஹௌ லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் இதற்கு நான்கு காரணங்களை எடுத்துக்காட்டினர்: ஆணைகளையே தேவையாகக் கொண்டு முன்கணித்தல், ஆணைகளைச் சேர்த்து வைத்து அனுப்புதல், விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டின்போது மிகையாகக் கேட்டல். விளையாட்டு முடிந்ததும் மாணவர்கள் பெரும்பாலும் அடுத்தவரையே குறை கூறுவர். குறை ஆட்களிடம் அன்றி அமைப்பிலேயே இருந்தது என்பதை ஆசிரியர் வரைபடம் மூலம் காட்டுவார்.

நிகழ்வாய்வுகள்

உண்மை நிகழ்வுகளை ஆராய்வது இப்படிப்பின் முக்கிய பகுதியாகும். 2000 மார்ச் 17 அன்று நியூ மெக்சிக்கோவின் ஆல்புகெர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சில்லு ஆலையில் சிறிய தீ ஏற்பட்டது. நோக்கியா, எரிக்சன் ஆகிய இரு நிறுவனங்களும் அங்கிருந்து சில்லுகளைப் பெற்று வந்தன. நோக்கியா விரைந்து செயற்பட்டு மாற்று வழங்குநர்களை ஏற்பாடு செய்தது. முக்கியமான சில்லு ஒன்றிற்கு எரிக்சனிடம் வேறு வழங்குநர் இல்லாததால் அது பெரும் விற்பனை இழப்பைச் சந்தித்தது. 2001இல் அதன் கைபேசிப் பிரிவு சோனியுடன் இணைந்த கூட்டு நிறுவனமாயிற்று.

2021 மார்ச் 23 அன்று, சுமார் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி ஆறு நாட்கள் வழியை அடைத்தது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்களை அனுப்பின. ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கும் இதனால் பயண நாட்களும் கட்டணமும் கூடின.

அறமும் சட்டமும்

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் சாவர் பகுதியில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். அங்கிருந்த ஆடைத் தொழிற்கூடங்கள் மேலை நாட்டு வணிகப் பெயர்களுக்காகத் தைத்து வந்தன. முந்தைய நாளே சுவர்களில் விரிசல் காணப்பட்டும் தொழிலாளர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். குறைந்த விலை, குறுகிய தவணை என்று கொள்முதல் மேசையில் எடுக்கப்படும் முடிவு, தொலைவில் உள்ள ஒருவரின் உயிருக்கே இடராகலாம் என்பதற்கு இது சான்றாக வகுப்புகளில் விவாதிக்கப்படுகிறது. கட்டாய உழைப்பால் செய்யப்பட்ட பொருட்களைத் தடுக்க, சீனாவின் சிஞ்சியாங் பகுதிப் பொருட்கள் தொடர்பாக அமெரிக்கா இயற்றிய சட்டம் 2022 சூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை இறக்குமதியாளரே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

பணிவாய்ப்பும் வரம்புகளும்

பட்டதாரிகள் கொள்முதல் அலுவலர், தேவைத் திட்டமிடுநர், போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர், தரவுப் பகுப்பாய்வாளர் ஆகிய பணிகளில் சேர்கின்றனர். விடுமுறைக் காலப் பணிப்பயிற்சி இப்படிப்பில் பெரிதும் வலியுறுத்தப்படுகிறது.

"உலகளாவிய" என்ற பெயரைக் கண்டு வெளிநாட்டுப் பயணங்களை எதிர்பார்த்துச் சேர்வோரும் உண்டு. தொடக்கநிலைப் பணிகள் பெரும்பாலும் விரிதாள்களிலும் கிடங்குகளிலும் மின்னஞ்சல்களிலுமே கழிகின்றன. கணித ஆழத்தை விரும்புவோருக்குத் தொழிலகப் பொறியியல் மேலும் பொருந்தும். பேச்சுவார்த்தை, நிதி, சட்டம், கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் காண விரும்புவோருக்கு இப்படிப்பு பொருந்தும். எல்லாம் சரியாக நடக்கும்போது இத்துறையின் பணி வெளியே தெரிவதில்லை. மருந்துக் கடையிலோ அங்காடியிலோ தட்டு வெறுமையாகும்போதே அது மக்களின் கண்ணுக்குத் தெரிகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* ஏற்பாட்டியல்
* கொள்கலன் கப்பல்
* சாட்டையடி விளைவு
* தொழிலகப் பொறியியல்