துப்புக்கூலியிலிருந்து கைரேகைக்கு: திண்டுக்கல் சமவெளியில் ஒரு கணிப்பின் வரலாறு

1896இல், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் வட்டத்தின் பல ஊர்களில் குடியானவர்கள் திரண்டு கள்ளர் சமூகத்துக் காவல்காரர்களை வெளியேற்றினார்கள். அவர்களின் மனக்குறை பொய்யல்ல. காவலுக்குக் கூலி கொடுத்தும் மாடு களவுபோனது. மீட்கத் துப்புக்கூலி என்று மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கமலை இறைத்துக் கிணற்றுப் பாசனம் செய்த பூமியில் ஒரு சோடி மாடு போனால் அந்தப் போக வெள்ளாமையே போயிற்று.

ஆனால் அது காவல் என்ற ஏற்பாட்டின் மீதும், அதை நடத்திய சிலர் மீதும் எழுந்த புகார். கலகம் பரவியபோதே காவல்காரர் யார், உழுது பிழைத்தவர் யார் என்ற வேறுபாடு மங்கிவிட்டது. அரசின் ஏடுகளில் அது முற்றாக அழிந்தது. 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்டக் கெசட்டியர், களவைக் கள்ளரின் குலத்தொழிலாகவே வருணித்தது. காவல் பழைய ஊர் உரிமை என்பதும், ஆங்கிலேயர் ஆட்சி அதன் அங்கீகாரத்தைப் பறித்தது என்பதும், 1895இல் திறந்த பெரியாறு அணையின் நீர் கள்ளர் வாழ்ந்த உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு எட்டவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் எடையேறவில்லை.

'குற்றப் பரம்பரை' என்ற முத்திரையை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் மறுபரிசீலனை செய்து, அதில் காலனிய ஆட்சியின் கையை எடுத்துக் காட்டினார். 1896 கிளர்ச்சியை ஆராய்ந்த ஆனந்த் பாண்டியன், அந்தக் கணிப்பை உருவாக்கியதில் உள்ளூர்க் குடியானவர்களுக்கும் பங்குண்டு என்று 2005இல் எழுதினார். பின்னதே சரியென்பது என் முடிவு. எனினும் ஊராரின் கணிப்பும் அரசின் கணிப்பும் ஒன்றல்ல. ஊரார் மறுவாரமும் அதே மனிதரைச் சந்தையில் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், பகை தணியவும் கணிப்பு மாறவும் இடமிருக்கிறது. ஏட்டில் ஏறிய கணிப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வட இந்தியாவுக்கென 1871இல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1918க்குள், கள்ளரில் ஒரு பிரிவான பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் பிடிக்குள் வந்தது. ஊர் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். எந்த வழக்கிலும் சிக்காதவரும் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல்துறையின் கண்முன் இருக்க வேண்டும். ஒரு சமூகத்தை இந்தச் சட்டத்தின் கீழ் அறிவித்தது சரியா என்று நீதிமன்றம் விசாரிக்கச் சட்டமே தடை போட்டிருந்தது. எனக்கு இதுவே மிகக் கொடிய பகுதியாகப் படுகிறது. அரைகுறைத் தகவலோடு முடிவெடுப்பது பல வேளைகளில் தவிர்க்க முடியாதது. பிறகு வரும் தகவலை உள்ளே விடாமல் கதவடைப்பது அநீதி. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டதில் 16 பேர் இறந்தார்கள்.

1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. அடுத்த ஆண்டு வந்த வழக்கமான குற்றவாளிகள் சட்டம், குறைகள் பல இருந்தாலும், பிறப்பை விட்டுத் தனியாள் பெற்ற தண்டனைகளை அளவுகோலாக்கியது. களவு செய்தவர் யார் என்று ஆள்ஆளாக விசாரிக்க அரசுக்கு இயலும் என்பதற்கு அதுவே சான்று. திண்டுக்கல் குடியானவர்கள் மாடு போனதாக முறையிட்ட நாளிலும் அந்த விசாரணை இயலாததாக இருக்கவில்லை.