செவிகொடுக்கும் ஊழியம்: தற்கொலைத் தடுப்பின் வரலாற்றில் திருச்சபை

தற்கொலையைக் குறித்துத் திருச்சபை பல நூற்றாண்டுகளாகப் பேசியது பெரும்பாலும் இறந்தோரைப் பற்றியே ஆகும். உயிரோடிருந்து தத்தளிப்போரிடம் அது பேசக் கற்றுக்கொண்டது மிக அண்மையில்தான். இந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தை ஆராய்வது, வாலிபர் நடுவே ஊழியம் செய்யும் நமக்குப் பயன் தரும்.

கி.பி. 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது, மானபங்கத்திற்கு அஞ்சிப் பெண்கள் சிலர் உயிர்துறந்தனர். கொடுமைக்கு ஆளாகியும் உயிரோடிருந்த கிறிஸ்தவப் பெண்களோ பழிக்கப்பட்டனர். இச்சூழ்நிலையிலேயே அகுஸ்தீன் தமது 'தேவ நகரம்' என்னும் நூலின் முதற் பாகத்தில் தற்கொலையை ஆராய்ந்தார். பிறர் செய்த வன்செயலால் ஒருத்தியின் தூய்மை அழிவதில்லை, ஆகையால் அவள் சாக வேண்டிய காரணமும் இல்லை என்று அவர் வாதித்தார். உயிரோடிருப்போரைத் தேற்ற எழுந்த இவ்வாதம், காலப்போக்கில் இறந்தோரைத் தண்டிக்கும் சட்டமாக இறுகிற்று. ஆறாம் நூற்றாண்டில் கூடிய பிராகா சங்கம், தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டோர்க்கு அடக்கச் சடங்குகளை மறுத்தது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும், அத்தகையோர்க்கு அடக்க ஆராதனையைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. இங்கிலாந்தில் 1823-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பாதையோரத்தில் புதைக்கும் வழக்கத்தை ஒழித்தது. எனினும் இரவில், ஆராதனையின்றியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய அனுமதித்தது. இவ்வாறு தண்டனை உண்மையில் விழுந்தது துக்கத்தில் ஆழ்ந்திருந்த குடும்பத்தின்மேல் அன்றோ?

புதிய பாதை இருபதாம் நூற்றாண்டில் திறந்தது. 1935-இல் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளங்குருவானவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமிக்கானது. பூப்பின் அடையாளத்தைக் கொடிய நோய் என்று எண்ணி அவள் அஞ்சியிருந்தாள். அச்சத்தைக் கேட்டுத் தெளிய அவளுக்கு ஒருவரும் இல்லை. ஒரு சொல் போதுமானதாயிருந்த இடத்தில் அச்சொல்லைச் சொல்ல ஆளில்லாமற் போயிற்று என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

1953-இல் இலண்டன் மாநகரின் நடுவிலுள்ள புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தின் பொறுப்பை ஏற்ற வாரா, நவம்பர் 2-ஆம் தேதி, மனமுடைந்தோர் அழைப்பதற்கென ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். டிசம்பரில் ஒரு நாளேடு இப்பணியாளரை 'நல்ல சமாரியர்' என்று குறிப்பிட, 'சமாரியர்' என்பதே இயக்கத்தின் பெயராய் நிலைத்தது. அவரைக் காண வந்து காத்திருந்தவர்க்குத் தேநீர் கொடுத்து, அருகமர்ந்து கேட்டவர்கள் சாதாரணத் தொண்டர்கள். அவர்களிடம் பேசியபின் பலர், குருவானவரைக் காணும் தேவையின்றியே ஆறுதலுடன் திரும்பியதை வாரா கவனித்தார். ஆகவே 1954 பிப்ரவரியில் செவிகொடுக்கும் பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். வந்தவரிடம் பிரசங்கிக்கலாகாது, கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பவை அவர்களுடைய நெறிகளாயின. 1963-இல் சிட்னியில் மெதடிஸ்டு போதகர் ஆலன் வாக்கர் 'லைஃப்லைன்' சேவையைத் தொடங்கினார். 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வை நிறுவினார்.

சட்டமும் மெல்ல இரங்கிற்று. இங்கிலாந்து 1961-இல் தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலினின்று நீக்கியது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13,044 மாணவர் தற்கொலையால் இறந்தனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இவர்களுள் நம் ஞாயிறுபள்ளிகளிலும் வாலிபர் சங்கங்களிலும் அமர்ந்திருந்தோர் எத்தனை பேரோ!

இவ்வரலாற்றினின்று நாம் கற்க வேண்டியவை தெளிவானவை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை; மூடிக்கிடந்த துயரம் வெளிவர அது வழி செய்கிறது. தேர்வுத் தோல்வியாலோ, காதல் முறிவாலோ, மனச்சோர்வு நோயாலோ வாடும் இளைஞனிடம் விசுவாசக் குறைவைக் காண்பது, அவனை மீண்டும் வாய்மூடச் செய்வதாகும். ஆபத்து நெருங்கியிருப்பின் அவனைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் ஆயர் பணியே. சிகிச்சையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. அன்பானவரை இழந்த குடும்பத்திற்கோ, நிந்தையின்றி முழு ஆராதனையும் தொடர்ந்த சந்திப்பும் வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி சிறைக்காவலன் உயிர்விடத் துணிந்தபோது, பவுல் இருளிலிருந்து உரத்த குரலில் அவனைத் தடுத்து, கைதிகள் அனைவரும் அங்கேயே இருப்பதை அறிவித்தார். உபதேசம் அதன் பின்னரே வந்தது. அதுவும் அவனே கேட்டபின் வந்தது. இவ்வரிசைமுறையை நம் ஊழியத்தில் காத்துக்கொள்வோமாக.