சுரங்கத் தொழிலாளரும் விரல் ரேகையும்

கோலார் தங்கவயலுக்குச் செல்லும் இருப்புப்பாதை மாரிக்குப்பத்தில் முடிவடைகிறது. அதனை அடுத்துள்ளது மைசூர் மைன்ஸ். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. 2001-ஆம் ஆண்டில் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அங்கு எழுந்த வினா ஒன்று இன்றும் உயிருடன் இருக்கிறது. அதனையே நாம் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

பொன் விளையும் இடத்தில் களவும் உண்டு, காவலும் உண்டு. ஜான் டெய்லர் நிறுவனத்தார் நிருவகித்து வந்த அச்சுரங்கங்களில், 1930-ஆம் ஆண்டு, தொழிலாளரின் விரல் ரேகையைப் பதிவு செய்யும் முறை புகுத்தப்பட்டது. பொன்னைக் காப்பது நிருவாகத்தின் கடமையே. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால், விரல் ரேகை என்றதும் அந்நாளில் மக்கள் நினைவுக்கு வந்தது காவல் நிலையமே. 1897-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட ரேகைப் பதிவகம் குற்றவாளிகளை அடையாளங் காணவே தோன்றியதன்றோ? களவறியாத தம்மையும் கள்வர் வரிசையில் நிறுத்துவதாகத் தொழிலாளர் கருதினர். 21 நாள் அவர்கள் வேலைக்குச் செல்லவில்லை.

1926-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் சமஸ்தானமாகிய மைசூருக்குப் பொருந்தவில்லை. குறையை எடுத்துரைக்க மேடையற்றவர்களுக்கு வேலைநிறுத்தமே பேச்சாயிற்று.

இத்தகைய எதிர்ப்பு முன்னரும் எழுந்ததுண்டு. 1906-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர் கட்டாயமாக ரேகை பதிய வேண்டுமென ஆணை பிறந்தபோது, காந்தியடிகள் அறப்போர் தொடங்கினார். தமிழர் பலர் சிறை புகுந்தனர். கட்டாயம் நீங்குமென்ற உறுதிமொழியை நம்பி, 1908-இல் அடிகள் தாமே மனமுவந்து ரேகை பதிந்தார். அவ்வுறுதி காக்கப்படாதபோது, அதே ஆண்டில் பதிவுச் சீட்டுகள் தீக்கிரையாயின. அடிகள் எதிர்த்தது எதனை என்பது இதனால் விளங்கும்.

இன்று நம் ரேகை மட்டுமன்றி, நாம் எழுதும் கடிதமும் பேசும் பேச்சும் கைப்பேசி வழியே பிறர் கைக்கு எட்டக்கூடும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வழக்கைத் தொடுத்த புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நீதிபதி.

காவற்கருவி எதுவாயினும், அது யாருக்காக, எதற்காக, எத்துணைக் காலத்திற்கு என்று கேட்க மக்களுக்கு இடமிருத்தல் வேண்டும். கேட்க இடமில்லாதபோது நல்ல கருவியும் ஐயத்தையே வளர்க்கும். தங்கவயல் தொழிலாளர் 21 நாள் கூலியை இழந்து உணர்த்திய உண்மை இதுவேயாம்.