டிசிஎஸ்எஸ்: டிவிடி பூட்டைத் திறந்த நிரலின் வரலாறு

டிசிஎஸ்எஸ் என்பது டிவிடி வட்டுகளில் இடப்பட்டிருந்த மறையாக்கப் பூட்டைத் திறக்கும் ஒரு சிறிய கணினி நிரல். இது 1999 அக்டோபரில் இணையத்தில் வெளியானது. காசு கொடுத்து வாங்கிய வட்டை எந்தக் கருவியில் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் வாங்கியவரா, விற்றவரா என்ற கேள்வியை அமெரிக்காவிலும் நார்வேயிலும் இந்நிரல் நீதிமன்றம் ஏற வைத்தது. ஒரே நிரலைப் பற்றி இரு நாட்டு நீதிமன்றங்களும் நேரெதிரான முடிவுக்கு வந்தன.

பூட்டு எப்படி வேலை செய்தது

டிவிடி 1996-இல் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படம் எடுத்தால் ஒவ்வொரு பிரதியிலும் தரம் குறையும். எண்ணிம வட்டில் அப்படியில்லை, ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதி போலவே இருக்கும். ஹாலிவுட் நிறுவனங்கள் அஞ்சியது இதற்குத்தான். அந்த அச்சத்தைத் தணிக்க தோஷிபா, மட்சுஷிடா ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் உருவாக்கிய மறையாக்க முறைக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். (இணையப் பக்கங்களுக்கு வடிவம் தரும் சிஎஸ்எஸ் வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று.)

படத்தின் தரவு ஒரு சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்தச் சாவியை வட்டுக்கான பொதுச் சாவி ஒன்று பூட்டி வைத்திருக்கும். அந்த வட்டுச் சாவியையே சுமார் 400 வெவ்வேறு சாவிகளால் தனித்தனியாகப் பூட்டி, வட்டின் மறைவான பகுதி ஒன்றில் பதித்திருப்பார்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் அந்த 400-இல் ஒன்று தரப்படும். கிராமத்துக் கோயில் உண்டியல் சாவியை ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை ஊரின் ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தச் சாவியால் திறக்கும்படி செய்து வைத்தது போன்ற ஏற்பாடு இது. ஒரு குடும்பத்தின் சாவி வெளியே கசிந்தால், அடுத்த ஆண்டுப் பெட்டியில் அதற்கு மட்டும் இடம் தராமல் விட்டுவிடலாம்.

சாவியின் நீளம் 40 பிட். வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்க அரசு அன்று தடை விதித்திருந்ததால் இந்த அளவோடு நிறுத்தினார்கள். 40 பிட் என்றால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் கணினிக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. மக்கள் வலுவான பூட்டு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசு விரும்பியதன் பலனை நிறுவனங்களும் சேர்த்து அனுபவித்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பெரிய அளவில் திருட்டு வட்டு அச்சிடுபவருக்கு இந்தப் பூட்டு தடையே இல்லை. வட்டை அச்சடிக்கும் இயந்திரம் அவரிடம் உண்டு. மறையாக்கத்தைப் பிரிக்காமல், சாவிகள் உட்பட எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தால் அந்த வட்டு எந்தக் கருவியிலும் ஓடும். பூட்டு உண்மையில் கட்டுப்படுத்தியது கருவி தயாரிப்பாளர்களை. சாவி வேண்டுமென்றால் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டால் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். உலகை மண்டலங்களாகப் பிரித்தது அத்தகைய நிபந்தனைகளில் ஒன்று. அமெரிக்காவும் கனடாவும் 1-ஆம் மண்டலம், மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2-ஆம் மண்டலம், இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம். நியூயார்க்கில் நேர்மையாக வாங்கிய மண்டல வட்டு சென்னையில் வாங்கிய கருவியில் ஓடாது. படம் தொடங்கும் முன் வரும் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்ல முடியாமல் தொலையியக்கியின் பொத்தான் செயலிழப்பதும் இதே வகைக் கட்டுப்பாடுதான்.

லினக்ஸ் பயனர்களும் ஒரு நார்வே சிறுவனும்

விண்டோஸ், மேக் கணினிகளுக்கு உரிமம் பெற்ற டிவிடி இயக்கிகள் இருந்தன. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு இல்லை. லினக்ஸ் உலகில் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து காட்டுவது வழக்கம். சாவியை மறைத்து வைக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. இரண்டும் சேராது. ஆகவே லினக்ஸ் வைத்திருந்தவர் கடையில் பணம் கொடுத்து வாங்கிய வட்டைத் தம் சொந்தக் கணினியில் பார்க்க வழியில்லை.

இந்த நிலையில் அமெரிக்காவின் ஜிங் நிறுவனத்தின் மென்பொருள் இயக்கி ஒன்றில், சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்தவர், பெயரை வெளியிடாதவர். அவரும் இன்னொருவரும் நார்வேயின் யோன் லெக் யோஹான்சனும் சேர்ந்த மூவர் குழு டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்டது. யோஹான்சனுக்கு அப்போது வயது 15. பயனர் பார்க்கும் முகப்பை எழுதியதே அவர் பங்கு. ஆனால் மூவரில் பெயர் தெரிந்தவர் அவர் மட்டுமே என்பதால் பாராட்டும் வழக்கும் அவர் தலையில் விழுந்தன. செய்தித்தாள்கள் அவருக்கு ‘டிவிடி ஜான்’ என்று பெயர் சூட்டின.

சில வாரங்களுக்குள் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் சிஎஸ்எஸ் முறையின் பலவீனங்களை ஆராய்ந்து வெளியிட்டார். கசிந்த சாவி ஒன்றுகூடத் தேவையில்லை, வீட்டுக் கணினியே சிறிது நேரத்தில் வட்டுச் சாவியைக் கணக்கிட்டுவிடும் என்று அது காட்டியது. பூட்டு அத்துடன் முடிந்தது. அதன்பின் நடந்தது சட்டப் போர்.

நியூயார்க் வழக்கு

அமெரிக்கா 1998-இல் எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியிருந்தது. பதிப்புரிமையை மீறுவது முன்பிருந்தே குற்றம். அதைக் காக்கும் பூட்டைத் திறப்பதையும், திறக்கும் கருவியைப் பிறருக்குத் தருவதையும் இந்தச் சட்டம் தனியே தடை செய்தது. திறந்தவர் நகலெடுத்தாரா என்பது பொருட்டல்ல. (நம் செய்தித்தாள்கள் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லைப் படைப்புக்கும் கண்டுபிடிப்புக்கும் பயன்படுத்துகின்றன. இங்கே பேசப்படுவது படைப்புக்கான பதிப்புரிமை.)

2000 ஜனவரியில் எட்டுத் திரைப்பட நிறுவனங்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. எஞ்சி நின்ற முக்கியப் பிரதிவாதி ‘2600’ என்ற இதழின் வெளியீட்டாளர் எரிக் கோர்லி. நீதிபதி லூயிஸ் கப்லான் இடைக்காலத் தடை விதித்ததும் இதழ் தன் தளத்திலிருந்து நிரலை நீக்கியது. ஆனால் அது கிடைக்கும் பிற தளங்களுக்கு இணைப்புத் தந்தது. 2000 ஆகஸ்ட் தீர்ப்பு, தெரிந்தே இணைப்புத் தருவதையும் தடை செய்தது.

இந்த வழக்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டுரெட்ஸ்கி அளித்த சாட்சியம் முக்கியமானது. மூல நிரலைத் தடை செய்தால், அதே செயல்முறையை ஆங்கிலத்தில் விவரிக்கும் கட்டுரையையும் தடை செய்வீர்களா, இரண்டுக்கும் எல்லைக்கோடு எங்கே என்பது அவர் வாதத்தின் சாரம். நிரலும் ஒருவகைப் பேச்சுதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் அது கணினியில் ஒரு வேலையையும் செய்கிறது, அந்த வேலையை அரசு கட்டுப்படுத்தலாம் என்றார். நிரல் பரவுவதைத் தொற்றுநோய் பரவுவதோடு ஒப்பிட்டார். லினக்ஸ் வாதமும் எடுபடவில்லை. வெளியான டிசிஎஸ்எஸ் விண்டோஸில் ஓடுவதாயிற்றே என்று கேட்டார்கள். அன்றைய லினக்ஸால் டிவிடியின் கோப்பமைப்பைப் படிக்க முடியவில்லை, அதனால்தான் அப்படி என்ற விளக்கம் போதவில்லை. 2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

வெண்பாவும் பகா எண்ணும்

பேச்சு என்று ஒப்புக்கொண்ட பின் தடை செய்வது எப்படி என்ற கேள்வி பலரைச் சீண்டியது. டுரெட்ஸ்கி தம் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு காட்சிக்கூடமே அமைத்தார். நிரலைப் பலர் பல வடிவங்களில் எழுதி அனுப்பினர். சேத் ஷோன் அதை 465 ஹைக்கூக்களாக எழுதினார். கணக்கையும் மருத்துவத்தையும் வெண்பாவில் பாடி வைத்த மரபில் வந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். எம்.ஐ.டி.யில் இருவர் அதே வேலையைச் செய்யும் நிரலை ஏழு வரிகளுக்குள் சுருக்கினர். ஃபில் கார்மடி 2001-இல் 1401 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணைக் கணினிக் கோப்பாக எழுதி விரித்தால் டிசிஎஸ்எஸ் மூல நிரல் கிடைக்கும். ஓர் எண்ணைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியுமா என்று கேட்பதே அவர் நோக்கம். நிரலைச் சட்டையில் அச்சிட்டு விற்ற நிறுவனம் கலிபோர்னியாவில் நடந்த தனி வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டது.

அந்தக் கலிபோர்னிய வழக்கின் கதை வேறு. சிஎஸ்எஸ் ஒரு வணிக இரகசியம், அதை வெளியிட்டது தவறு என்று டிவிடி நகல் கட்டுப்பாட்டுச் சங்கம் வழக்காடியது. இரகசியம் என்று நிறுவுவதற்காக அந்த நிரலையே ஆவணமாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. முத்திரையிட்டு மூடி வைக்கக் கேட்க மறந்துவிட்டதால், யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணமாக அது சில நாள் இருந்தது! 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊரெல்லாம் தெரிந்ததை இரகசியம் என்று சொல்ல முடியாது என்ற அடிப்படையில் தடையை நீக்கியது.

ஆஸ்லோ தீர்ப்பு

நார்வேயில் 2000 ஜனவரியில் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவலர்கள் யோஹான்சனின் வீட்டைச் சோதனையிட்டுக் கணினிகளையும் கைப்பேசியையும் எடுத்துச் சென்றனர். அதே மாதம், சிறந்த பள்ளி மாணவருக்கான கரோலினா பரிசு அவருக்குக் கிடைத்தது. 2002-இல் குற்றம் சாட்டினார்கள். நார்வேயில் அப்போது அமெரிக்காவைப் போன்ற பூட்டுச் சட்டம் இல்லை. எனவே தண்டனைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவைக் கையிலெடுத்தனர். பிறருடைய மூடிய கடிதத்தைப் பிரிப்பதைத் தடுக்க எழுந்த பிரிவு அது. பின்னர் கணினித் தரவுக்கும் நீட்டிக்கப்பட்டது. 90 நாள் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கேட்டது அரசுத் தரப்பு.

கடிதம் யாருடையது என்பதிலேயே வழக்கு முடிந்தது. வட்டை அவர் கடையில் வாங்கியிருக்கிறார். அதிலுள்ள படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. தயாரிப்பாளர் நினைத்த கருவியில் அல்லாமல் வேறு வழியில் பார்த்தால், தமக்குரியதைத்தான் பார்க்கிறார். 2003 ஜனவரி 7 அன்று ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2003 டிசம்பர் 22 அன்று மேல்நீதிமன்றமும் விடுவித்தது. அதற்கு மேல் அரசு போகவில்லை. இருந்தாலும் இந்த வெற்றி நீடித்தது இரண்டே ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணைக்கு ஏற்ப 2005-இல் நார்வே தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூட்டு உடைப்பதைத் தடை செய்தது.

டிசிஎஸ்எஸ் இன்று யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆரஞ்சு நிறக் கூம்புச் சின்னம் கொண்ட விஎல்சி இயக்கி, பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. அதன் உதவி நிரலகம் எந்தச் சாவியையும் கடன் வாங்காமல், வட்டின் சாவியைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது.

பூட்டே வேவு பார்த்தபோது

பூட்டைத் திறந்து ஆராய்வதே ஆபத்து என்ற நிலையின் விளைவு 2005-இல் இசைக் குறுவட்டுகளில் தெரிந்தது. சோனி பிஎம்ஜி வெளியிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத் தொகுப்புகளில் நகல் தடுப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. வட்டைக் கணினியில் இட்டால் அது தன்னை ஆழமாகப் பதித்துக்கொண்டு, பயனர் கண்ணுக்கும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்கும் தெரியாமல் ஒளிந்துகொண்டது. பாட்டுக் கேட்கும்போது நிறுவனத்தின் வழங்கியோடும் தொடர்புகொண்டது. மார்க் ருசினோவிச் 2005 அக்டோபர் 31 அன்று இதை அம்பலப்படுத்தினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதற்கு முன்பே இதைக் கண்டறிந்திருந்தும், 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்சி வழக்கறிஞர்களிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியிலும் வட்டுகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன.

இந்தியச் சட்டம்

இந்தியா 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 65அ என்ற பிரிவைச் சேர்த்தது. பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத அந்த ‘நோக்கம்’ என்ற சொல்லால், சொந்த வட்டைப் பார்ப்பதற்காகத் திறப்பவர் இந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. மறையாக்க ஆய்வுக்கும் விலக்கு உண்டு. பயனரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைக்கப்பட்ட பூட்டை, தேவைப்பட்டால் தாண்டுவதற்கும் தனி விலக்கு உண்டு. சோனி வட்டு போன்ற ஒன்று இங்கே வந்தால் பயன்படக்கூடிய விதி அது. எனினும் அதே பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நியாயமான காரணத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, அடையாள விவரங்கள், காரணம் ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.