எழுத்துருவில் பூட்டிய செய்தி: இந்திய மொழி நாளிதழ்கள் கணினிக்கு மாறிய வரலாறு

இந்திய இதழியலில் கணினி புகுந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1995ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. 1997இல் மலையாள 'தீபிகா'வும் 1999இல் இந்தி 'வெப்துனியா'வும் அவ்வழியே வந்தன. ஆங்கில இதழ்களுக்கு இத்தொடக்கம் பொருந்தும்; இந்திய மொழி இதழ்களுக்குப் பொருந்தாது. ஆங்கில இதழுக்கு இணையம் மற்றுமொரு வெளியீட்டு வழி. இந்திய மொழி இதழுக்கோ அதற்கு முன்னரே ஒரு வினா தீர்க்கப்பட வேண்டியிருந்தது. தன் மொழியின் எழுத்தைக் கணினி எவ்வாறு அறியும் என்பதே அவ்வினா. அதற்கு ஒவ்வோர் இதழும் தனித்தனியே கண்ட விடை, செய்தி எழுதும் முறையையும் இதழின் வருவாயையும் மட்டுமன்றி, மொழியாய்வுக்குக் கிடைக்கும் தரவையும் பாதித்துள்ளது.

பொறிக்கு ஏற்ப எழுத்தைக் குறைத்தல் நம் இதழ்களுக்குப் பழகிய வழக்கமே. 1935இல் கல்கத்தாவின் 'ஆனந்த பஜார் பத்திரிகை' லைனோடைப் பொறியில் அச்சாகத் தொடங்கியபோது, அப்பொறியின் விசைகளுக்குள் அடங்குமாறு வங்க எழுத்தின் கூட்டு வடிவங்கள் பல குறைக்கப்பட்டன. சுரேஷ் சந்திர மஜும்தாரின் முயற்சி அது. மலையாளத்தில் 1971ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தமும் தட்டச்சுப் பொறியையும் அச்சுக்கோப்பையும் கருதியே செய்யப்பட்டது. தமிழில் 1978இல் அரசாணை பெற்ற சீர்திருத்தத்திற்குச் சிக்கனமும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இப்போக்கைக் கணினி திருப்பியது என்பது இங்கு நோக்கத்தக்கது. 1978 முதல் 1982 வரை டிம் ஹாலோவே, ஃபியோனா ராஸ் ஆகியோர் அதே வங்க நாளிதழுக்கென வடிவமைத்த எண்முறை எழுத்துருவில், லைனோடைப் கைவிட்ட கூட்டெழுத்துகள் மீண்டும் இடம்பெற்றன. மலையாளத்தில் பழைய லிபியை மீட்க முனைந்த 'ரசனா' இயக்கம் 1999இல் எழுந்ததும் கணினியின் துணையால்தான்.

எழுத்தின் வடிவம் மீண்டது. ஆனால் எழுத்தின் அடையாளம் இழக்கப்பட்டது. இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான 'இஸ்கி' குறியேற்றம் 1988இலேயே வகுக்கப்பட்டு, 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகளுக்கும் அதுவே அடிப்படை. எனினும் நாளிதழ்கள் அதனை நாடவில்லை. பேஜ்மேக்கர் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்கள் ரோமன் எழுத்தை மட்டுமே அறிந்தவை. எனவே ரோமன் எழுத்துகளின் குறியெண்களில் இந்திய எழுத்தின் துண்டு வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களை இதழ்கள் வாங்கின. சில தமக்கெனவே செய்துகொண்டன. இம்முறையில் 'கொ' என்பது ஓர் உயிர்மெய்யாகப் பதிவாகவில்லை. ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக, தாளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாயிற்று. ஒலி வரிசையில் முதலாவதான ககரம் இங்கு இரண்டாவது. அகர வரிசைப்படுத்தலும் சொல் தேடலும் இதில் இயலா. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அச்செய்தி பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே தோன்றும். தாளில் அச்சிடுவதற்கு இதனால் எவ்வித இடையூறும் இல்லை என்பதால், நெடுங்காலம் எவரும் இதனைக் குறையாகக் கருதவில்லை.

செய்தி மேசையில் நிகழ்ந்த மாற்றம் வேறு வகையானது. இந்திய மொழி உதவி ஆசிரியரின் முதற்பணி மொழிபெயர்ப்பே. இந்துஸ்தான் சமாச்சார் 1954இல் தேவநாகரித் தொலைத்தட்டச்சைக் கொணர்ந்தது. யு.என்.ஐ. 1982இல் 'வார்த்தா'வையும் பி.டி.ஐ. 1986இல் 'பாஷா'வையும் தொடங்கின. இந்திக்குக் கிடைத்த இவ்வசதி பிற மொழிகளுக்கு அதே அளவில் கிட்டவில்லை. ஆங்கிலச் செய்தியைப் பெயர்த்தெழுதும் பழைய பணியே தொடர்ந்தது. முன்னர் அப்பெயர்ப்பு அச்சுக்கோப்பாளரிடமும் மெய்ப்புத் திருத்துநரிடமும் சென்று வந்தது. கணினி வந்தபின் பெயர்ப்பவரே தட்டச்சரானார்; இடையிலிருந்த இரு கைகளும் படிப்படியாக விலகின. இதழின் எழுத்து மரபைக் காத்தவர் மெய்ப்புத் திருத்துநர். இதழியல் வரலாறுகளில் அவர் அரிதாகவே பேசப்படுகிறார். அவர் நீங்கிய இடத்தைப் பயிற்சி நிறுவனங்களும் நிரப்பவில்லை. மென்பொருளைக் கையாளக் கற்பித்த அளவுக்கு அயற்பெயரை எழுதும் நெறி கற்பிக்கப்படவில்லை. 2020இல் ஒரே நோய் சில தமிழ் இதழ்களில் 'கரோனா' என்றும் வேறு சிலவற்றில் 'கொரோனா' என்றும் வழங்கியது. இதழ்களிடையே இத்தகைய வேறுபாடு பழையதே. ஆயின் வாசகர் தேடுபொறியில் எவ்வடிவைத் தட்டச்சிடுகிறார் என்பது தலைப்பின் எழுத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றானது புதியது.

பொதுக் குறியேற்றத்திற்கான முயற்சிகள் தாமதமாகவே பயன் தந்தன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 தேவநாகரியையும் தமிழையும் ஒருங்குறி வழி ஆதரித்தது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. அச்சுப் பக்கமோ பழைய எழுத்துருவிலேயே நின்றமையால், ஒரே செய்தி அச்சுக்கு ஒரு குறியேற்றத்திலும் இணையத்திற்கு வேறொன்றிலும் இருக்க நேர்ந்தது. இடையே பணிபுரிந்த மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம்பெயர்த்துச் செய்த பிழைகள் இன்றும் பழைய இணையப் பக்கங்களில் காணக் கிடைக்கின்றன.

எழுத்து தீர்ந்தபின் மொழி தடையாயிற்று. கூகுளின் 'ஆட்சென்ஸ்' விளம்பரத் திட்டம் இந்தியை 2014 இறுதியில்தான் ஏற்றது. வங்க மொழியை 2017இலும் தமிழை 2018இலும் ஏற்றது. அதுவரை இம்மொழிகளில் எழுதிய சிறு செய்தித்தளங்கள், எத்துணை வாசகரைப் பெற்றிருப்பினும், அத்திட்டத்தின் வழி முறையாக வருவாய் பெற இயலவில்லை. அச்சிதழின் விளம்பரத்துறை வாசகர் எண்ணிக்கையைக் கேட்டது. இத்திட்டமோ முதலில் மொழியைக் கேட்டது. 2016க்குப் பின் கைப்பேசி இணையம் மலிந்து வாசகர் பெருகிய நிலையிலும் வருவாய் அதற்கேற்பப் பெருகாமைக்கு இது ஒரே காரணமன்று. எனினும் வணிக வரலாறுகளில் விடுபடும் காரணம்.

மொழியியலாருக்கு நேர்ந்த இழப்பு தரவைச் சார்ந்தது. 1991இல் மின்னணுவியல் துறை தொடங்கிய திட்டத்தின்கீழ், மொழி ஒன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுப்புகள் உருவாக்கப்பட்டன. அச்சேறிய பனுவல்கள் மீண்டும் தட்டச்சிடப்பட்டே அவை உருவாயின. அதே ஆண்டுகளில் நாளிதழ் அலுவலகங்கள் அன்றாடம் பல்லாயிரம் சொற்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தன. அவை எவருக்கும் பயன்படாத குறியேற்றத்தில் இருந்தன. 2021இல் வெளிவந்த 'சமானந்தர்' இணைமொழித் தொகுப்பு பதினோர் இந்திய மொழிகளுக்கு உரியது. செய்தித்தளங்களின் மொழிபெயர்ப்பு வாக்கியங்களும் அதில் உள்ளன. செய்தி மேசையின் உழைப்பு இவ்வாறு மொழிபெயர்ப்புப் பொறிகளின் பயிற்சிக்குச் செல்கிறது. எழுத்துருவில் பூட்டப்பட்ட 1990களின் செய்திகள், உரிய மாற்றி எழுதப்பட்டாலன்றி, இத்தகைய தொகுப்புகளுள் நுழைய இயலாது. மாற்றி எழுதுவதற்கு அவ்வெழுத்துருவின் குறியெண் அட்டவணை வேண்டும். எழுத்துருவைச் செய்த நிறுவனம் மூடப்பட்டு, அட்டவணையும் கிட்டாத இடங்களில், நாளிதழின் தாள் கட்டுகளிலிருந்து அச்செய்திகளை மீண்டும் தட்டச்சிட வேண்டியுள்ளது.