மார்ட்கேஜுக்குள்ள இருக்கிற சாவு

வீட்டுக் கடன் கட்டுற பட்டணத்துச் சொந்தங்களுக்கு மார்ட்கேஜ்ங்கிற வார்த்தை நல்லாவே தெரிஞ்சிருக்கும். அந்த வார்த்தைக்குள்ள ஒரு சாவு இருக்குங்க. இங்கிலீஷ்ல எழுதும்போது நடுவுல 'ட்' வரும். வெள்ளைக்காரங்க அதை வாய்விட்டுச் சொல்றதில்ல, 'மார்கேஜ்'னுதான் சொல்வாங்க.

வார்த்தை பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு அங்க பிரெஞ்சு புகுந்துச்சு. 'மார்ட்'னா செத்தது. போஸ்ட்மார்ட்டம், மார்ச்சுவரி எல்லாம் அதுக்குப் பங்காளிங்க. 'கேஜ்'னா ஈடு. கல்யாணத்துக்கு முன்னால செய்யிற எங்கேஜ்மென்ட் அந்த வேர்தான். ரெண்டும் சேர்ந்தா 'செத்த ஈடு'.

ஈடு எப்படிச் சாகும்? 1188 வாக்கில கிளான்வில் பேரால ஒரு சட்டநூல் வந்துச்சு. அதுல ஈடு ரெண்டு வகை. கடன் கொடுத்தவர் நிலத்தை வச்சிருக்கும்போது வர்ற விளைச்சல் கடனைக் குறைச்சுக்கிட்டே வந்தா அது உயிருள்ள ஈடு. விளைச்சல் எல்லாம் அவருக்கே போய், கடன் அப்படியே நின்னா அது செத்த ஈடு. இது பாவம்தான், ஆனா அரசர் கோர்ட்டு தடுக்காதுன்னும் அதுலயே எழுதியிருக்கு.

15-ஆம் நூற்றாண்டுல தாமஸ் லிட்டில்டன்னு ஒரு நீதிபதி வேற விளக்கம் சொன்னார். கெடுவுக்குள்ள பணம் கட்டலைன்னா கடன்காரனுக்கு நிலம் செத்துப்போகும். கட்டிட்டா, கடன் கொடுத்தவருக்கு அது செத்துப்போகும். 17-ஆம் நூற்றாண்டுல லண்டன் சான்சரி கோர்ட்டு இதுல கொஞ்சம் இரக்கம் காட்டுச்சு. கெடு தாண்டினாலும் பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கலாம்னு ஆச்சு.

அந்த மீட்பு உரிமை நம்ம 1882 சொத்து மாற்றச் சட்டத்துல 60-ஆவது பிரிவா இருக்கு. 58-ஆவது பிரிவுல அடமான வகைகளை வரிசையா சொல்லியிருக்காங்க. 'இங்கிலீஷ் அடமானம்'னே ஒண்ணு உண்டு. நம்ம ஒத்தியும் அதுக்குள்ள வருது.

ஒத்தின்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பணத்துக்கு வட்டி இல்ல, நிலத்துக்குக் குத்தகை இல்ல. பணம் கொடுத்தவர் உழுது அனுபவிப்பார். அசலை முழுசா கொடுத்தாத்தான் நிலம் திரும்பும். கிளான்வில் கணக்குப்படி பார்த்தா இது செத்த ஈடுதான்.

எங்கப்பா காலத்துல எங்க முக்கால் ஏக்கர் 11 வருஷம் ஒத்தியில கெடந்துச்சு. அத்தனை போகம் விளைஞ்சும் அசல்ல ஒரு ரூபா குறையல. ஏமாத்துனாங்கன்னு சொல்ல முடியாது, பத்திரத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. அம்மா நகையை வித்துத்தான் திருப்பினோம்.

ஆனா சட்டம் இன்னொரு வழியும் விட்டிருக்கு. நிலத்து வருமானத்தை வட்டிக்கு மட்டுமில்ல, அசலுக்கும் வரவு வைக்கலாம். எதுக்குன்னு பத்திரத்துல எழுதிக்கணும், அவ்வளவுதான். அதனால இப்ப யாராவது ஒத்திப் பத்திரத்தோட வந்தா, விளைச்சல் எதுல கழியும்னு முதல்ல படிக்கச் சொல்றேன். அந்த ஒரு வரியிலதான் ஈட்டுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு தெரியும்.