பெயர் இல்லாத மணிகள்

கோவையிலிருந்து கிழக்கே ஓடும் நொய்யலின் கரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று நகைக்காகப் பேர் சொல்லும் ஊர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இங்கே கல்மணி செய்த தடயங்கள் கிடைத்தன. பெரில் கல் பக்கத்துப் படியூரிலேயே உண்டு. இந்தியாவுக்கு வெளியே அது அரிது என்று ரோமானியர் பிளினி எழுதிவைத்தார்.

எனக்குப் பிடித்தவை முடிந்த மணிகள் இல்லை, பாதியில் நின்றவை. உடைத்த கல், உருட்டிய கல், மெருகேற்றியும் துளை போடாத கல். துளை போடும்போது விரிசல் விட்டா, அதுவரை செஞ்ச வேலை மொத்தமும் போச்சு.

அதே ஊர்ப் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறியிருக்கு. மணியில் யார் பெயரும் இல்லை.

இன்றைக்குக் கோவைப் பட்டறையில் செஞ்ச வளையலைத் திருப்பிப் பாருங்க. தங்கத்தின் தரமும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளமும் இருக்கும். பற்றவைத்த கை யாருடையதுன்னு இருக்காது. நாங்க எழுதுற கோடில் ஒவ்வொரு வரிக்கும் எழுதினவர் பெயர் தானாவே பதிவாகுது. சேதாரத்துக்குப் பேரம் பேசுற நாம, செஞ்சவர் பெயரை ஒருமுறையாவது கேட்டிருக்கோமா?